ஞாயிற்றுக்கிழமை தின்றது கணக்கில் வராது

மனிதன் சும்மா படுத்துக் கிடந்தாலே அவன் உடம்பு ஒரு நாளைக்கு ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கலோரியைச் செலவழித்துவிடும் என்று கேள்விப்பட்டதும், லீவு சாருக்கு முதலில் தோன்றிய எண்ணம், அப்படியானால் இத்தனை வருஷமாக எதற்குத்தான் எழுந்தோம் என்பதே.

அவர் அப்போது ஆஸ்பத்திரியில், உணவு ஆலோசகரின் அறையில் உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்கப் பழங்களின் படம். ஆப்பிளுக்கும் ஆரஞ்சுக்கும் கண், மூக்கு வரைந்து சிரிக்க வைத்திருந்தார்கள். நறுக்கப்படப் போகிறவர்களுக்கு அத்தனை சிரிப்பு எதற்கு என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே பேசினாள்.

"எடை தொண்ணூத்திரண்டு. அதைப் பத்தால பெருக்கணும். உயரம் நூத்தி அறுபத்தெட்டு. அதை ஆறேகாலால பெருக்கி இதோட கூட்டணும். உங்க வயசு அம்பத்திரண்டு இல்லையா, அதை அஞ்சால பெருக்கிக் கழிக்கணும். கடைசியா, ஆம்பளைங்கறதால ஒரு அஞ்சு சேர்க்கணும்."

"எதுக்கும்மா அந்த அஞ்சு?"

"ஆம்பளையா இருக்கிறதுக்கு சார்."

"அவ்வளவுதானா?" என்றார் லீவு சார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

ஆயிரத்து எழுநூற்றுப் பதினைந்து வந்தது. அது மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் மட்டும். அதற்கு மேல் செய்கிற வேலைக்குத் தகுந்தபடி பெருக்க வேண்டுமாம்.

"நாள் பூரா என்ன வேலை பண்றீங்க?"

"லீவு குடுக்கிறேன்."

"நின்னுகிட்டா, உக்காந்தா?"

"உக்காந்துதான். ஆனா அந்த நாற்காலியில ஒரு கால் ஆடும். விழாம உக்காந்திருக்கிறதே பெரிய உழைப்பு."

அந்தப் பெண் நாற்காலியின் காலைக் கணக்கில் சேர்க்கவில்லை. உட்கார்ந்த வேலைக்கு ஒன்று புள்ளி இரண்டால் பெருக்கினாள். இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டு. அதில் ஐந்நூறைக் கழித்தாள். "இந்த ஐந்நூறுதான் சார் உங்களை இளைக்க வைக்கப் போகுது. வாரத்துக்கு அரைக் கிலோ குறையும். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூத்தம்பது, அதுக்கு மேல வேண்டாம்."

"அம்பத்தெட்டு வந்துச்சேம்மா. அந்த எட்டு எங்க போச்சு?"

"எட்டு கலோரி ஒரு கடி கேரட் சார்."

"பரவாயில்ல. என் பேர்ல போட்டு வைங்க" என்றார்.

அவள் சிரித்தாள். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது பாவம் அவளுக்குத் தெரியாது.

லீவு சாரின் இயற்பெயர் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு மறந்து போயிருந்தது. ஆறு மாடிக் கட்டிடத்தில் மூன்றாவது மாடி, ஜன்னலோர மேஜை. ஆயிரம் பேருக்கு விடுப்புக் கணக்குப் பார்ப்பது அவர் வேலை. விதியை அவர் வளைத்ததே இல்லை. ஆனால் விதிக்குள் எங்காவது ஒரு ஜன்னல் இருந்தால் அதைக் கண்டுபிடித்துத் திறந்துவிடுவார். குழந்தைக்குக் காய்ச்சல், விடுப்பு மிச்சமில்லை என்று டிரைவர் ஒருவன் கண்ணீரோடு வந்து நின்றால், அவன் என்றைக்கோ ஒரு விடுமுறை நாளில் வண்டி ஓட்டியதைத் தோண்டி எடுத்து, "ஈடு விடுப்பு உனக்கு ஒண்ணு இருக்குடா, போ" என்று அனுப்பி வைப்பார். விதி வாய் திறக்காத இடத்தில் ஊழியருக்குச் சாதகமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆண்டவனும் கடைசி நாளில் கணக்குப் பார்க்கும்போது இந்தக் கொள்கையைத்தான் கையாளுவான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அது நல்ல நம்பிக்கைதான். அதை ஒருவர் தன் வயிற்றின் விஷயத்தில் பயன்படுத்தாத வரைக்கும்.

இளைக்க வேண்டிய காரணம் அவருடைய அக்கா. அவர் வீட்டு மாடியில் தனியாக இருந்தாள். ஊர் நீச்சல் குளத்தில் முப்பது வருஷம் நீச்சல் சொல்லிக் கொடுத்தவள். குளத்தின் அந்தக் கரைக்குக் கேட்கும்படி கத்திக் கத்தி, பக்கத்தில் இருப்பவரிடமும் அதே குரலில்தான் பேசுவாள். கழுத்தில் தொங்கிய விசிலை ஓய்வு பெற்ற பிறகும் கழற்றவில்லை. தம்பிக்கும் ஒரு காலத்தில் நீச்சல் கற்றுத்தரப் பார்த்துவிட்டு, "இவனுக்கு நீந்த வராது, மிதக்கத்தான் வரும்" என்று கைவிட்டுவிட்டாள்.

இப்போது அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரி மெஷின்தான் அவள் இரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் சேர்ந்த தண்ணீரை உறிஞ்சி எடுத்தது. வாழ்நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தவளுக்கு இன்று ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. காப்பி, குழம்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஊசி குத்திக் குத்திக் கை நரம்பு களைத்துப் போயிருந்தது. இன்னும் ஏழெட்டு மாதம் தாங்கும், அதற்குள் மாற்றுச் சிறுநீரகம் வைத்துவிட வேண்டும் என்றார் பெரிய டாக்டர்.

தம்பியின் சிறுநீரகம் பொருந்தியது. "ஆனா இந்த உடம்புல ஒண்ணை எடுத்துட்டா, மிச்சம் இருக்கிற ஒண்ணு உங்களைச் சுமக்க முடியாம திணறும். எண்பத்து நாலரைக்குக் கீழ வாங்க, கத்தியை எடுக்கறேன்" என்று டாக்டர் முடித்துவிட்டார். ஆக, ஏழரைக் கிலோ. அக்காவுக்கும் விடுதலைக்கும் நடுவில் நின்றது தம்பியின் தொப்பை.

வீட்டுக்கு வந்த அன்றே லீவு சார் கணக்கைத் தொடங்கிவிட்டார். தினமும் ஆயிரத்து ஐந்நூற்றைம்பது வரவு. சாப்பிட்டது செலவு. மூன்றாம் நாளே கேள்வி வந்தது. அன்று அலுவலக வேலையில் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டார். இரவு பார்த்தால் நானூறு மிச்சம். இந்த நானூறு என்ன ஆகும்?

எடுக்காத விடுப்பு ஆண்டு முடிவில் வீணாய்ப் போவதைப் பார்த்து எத்தனையோ இரவு தூங்காதவர் அவர். நானூறு கலோரி கண் முன்னால் செத்துப்போவதை அவர் மனசு ஒப்பவில்லை. உணவு ஆலோசகரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவாள். விதி வாய் திறக்கவில்லை. எனவே ஊழியருக்குச் சாதகம். நானூறு மறுநாளுக்கு வரவு வைக்கப்பட்டது.

அணையில் விரலளவு ஓட்டை விழுந்தால் போதாதா? அடுத்த வாரமே, தானாக வாங்காமல் பிறர் கொடுத்துச் சாப்பிட்டது பணி நிமித்தம் என்று தீர்மானித்தார். அவர் மேஜைக்கு விடுப்பு வாங்கிப் போகிறவர்கள் சும்மா போவதில்லை. கேக், பிஸ்கட், சாக்லேட் என்று ஏதாவது நீட்டுவார்கள். வேண்டாமென்றால் முகம் வாடிவிடும். பிறர் மனம் நோகாமல் நடப்பது அறம். அறத்துக்காகத் தின்றதை எப்படிச் செலவில் எழுதுவது? பிறகு ஞாயிற்றுக்கிழமை. வார விடுமுறை எந்த அலுவலகத்திலும் விடுப்புக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தின்றது கணக்கில் வராது.

இதைக் கேட்ட அவர் மனைவி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, வயித்துக்குத் தெரியுமா இன்னைக்கு ஞாயித்துக்கிழமைன்னு?"

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"விதி இருக்குங்க. எனக்கும் ஒண்ணு எழுதியிருக்கான் பாருங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது கரண்டி சோற்றைப் போட்டாள். அவளுக்கும் அவர் சாப்பிடுவதைப் பார்க்கப் பிடிக்கும். அன்பு கரண்டியில்தான் இருக்கிறது என்று நினைக்கிற குடும்பங்களில் தொப்பை ஒருவருடைய குற்றமில்லை.

அலுவலகத்தில் தபால் பிரிவு அம்மாதான் முதலில் சந்தேகப்பட்டாள். கடிதங்களை உறையிலிட்டு முகவரி எழுதி அனுப்புவது அவள் வேலை. உறையின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தே தபால் தலை ஒட்டுவாள்.

"லீவு சார், நிஜமாவே குறையுதா? பார்த்தா முன்னைவிட ஒரு தபால் தலை கூட ஒட்டணும் போல இருக்கே."

"உங்க கண்ணுல கோளாறு. என் கணக்குல ஆறாயிரத்துச் சொச்சம் கலோரி மிச்சம் இருக்கு. நினைச்சா ஒரு வாரம் லீவு எடுத்துச் சாப்பிடலாம்."

"எடுங்க சார், எடுங்க. சட்டை பட்டன்தான் ஒவ்வொண்ணா ராஜினாமா பண்ணப் போகுது."

இதோடு நின்றிருந்தால் ஒரு மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொண்ட கதையாகப் போயிருக்கும். அப்படிப்பட்ட கதை எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் லீவு சார் இரக்க குணம் உள்ளவர் என்று முன்பே சொல்லியாயிற்று. தான் கண்டுபிடித்த ஜன்னலைப் பிறருக்குத் திறந்துவிடாமல் அவரால் இருக்க முடியாது.

ஒரு மாலை அவர் மாடிக்குப் போனபோது அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மருந்து பாட்டிலின் மூடியில் தண்ணீர் ஊற்றி மூடி மூடியாகக் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோடு போட்ட பாட்டில். அதில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"நேத்தும் இவ்வளவு மிச்சம் வச்சேன்டா. பொறுத்துக்கிட்டா என்ன பிரைஸா குடுக்கப் போறாங்க? போனது போனதுதான்."

"போகாது அக்கா! எதுக்குப் போகணும்? உனக்கு அனுமதிச்சது முக்கால் லிட்டர். நீ குடிக்காம விட்டது உன் பேர்லதான் நிக்கும். சேர்த்து வை. என்னைக்காவது தாகம் தாங்கலைன்னா எடுத்துக்கோ."

"அப்படி டாக்டர் சொல்லலையேடா."

"கூடாதுன்னும் சொல்லலையே?"

அக்கா யோசித்தாள். தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. விதியைப் பற்றித் தம்பிக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று அவளுக்கு அதைவிட உறுதியாகத் தெரியும். "நீ சொன்னா சரிதான்டா குண்டா" என்றாள். கீழே இறங்கும்போது லீவு சாருக்கு, டிரைவருக்கு ஈடு விடுப்பு கண்டுபிடித்துக் கொடுத்த அன்று வந்த அதே நிறைவு வந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். லீவு சார் கணக்கின்படி தொண்ணூறுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். மெஷின் தொண்ணூற்று மூன்று புள்ளி நான்கு என்றது.

"உங்க மெஷின் பழசாயிடுச்சு" என்றார் லீவு சார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

உணவு ஆலோசகர் அவருடைய கணக்கை வாங்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுடைய புருவம் நெற்றியைத் தாண்டிப் போய்விடும் போல் இருந்தது.

"கூட்டல் கழித்தல் ஒண்ணுகூடத் தப்பில்ல சார். ஆனா வாரத்துல ஆறு நாள்தான் இருக்கு?"

"ஞாயித்துக்கிழமை விடுமுறை."

"உங்க வாய்க்கா?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பழமொழி சொன்னவர்கள், அது தொப்பையையும் குறைக்காது என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வீடு திரும்பியதும் அக்கா மாடியிலிருந்தே கத்தினாள். "என்னடா சொன்னாங்க?" தெருவில் போன ரெண்டு பேர் நின்று, தங்களைத்தான் கேட்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் லீவு சாருக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. "நல்ல முன்னேற்றம்னு சொன்னாங்க அக்கா" என்றுவிட்டார். மனம் நோகாமல் நடப்பது அறம் என்ற விதி இங்கேயும் பொருந்தும் என்று அந்த நேரத்துக்குச் சமாதானம்.

அக்கா விசிலை எடுத்து நீளமாக ஊதினாள். நீச்சல் போட்டியில் ஜெயித்தவனுக்கு ஊதுகிற விசில் அது. அவருக்காக அது ஒலித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஞாயிறு. வெயில் சுட்டெரித்தது. அக்காவுக்கு மனசு நிறைந்திருந்தது. நாக்கு வறண்டிருந்தது. அவள் பேரில் ஒரு மாதத்துத் தண்ணீர் மிச்சமிருந்தது. தம்பி இளைக்கிறான், இன்னும் கொஞ்ச நாளில் இந்தக் கோடு போட்ட பாட்டிலுக்கே வேலை இருக்காது. ஃபிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியில் ஊற்றாமல், அண்ணாந்து, கண்ணை மூடிக் குடித்தாள். பிறகு இன்னொன்று. பிறகு மத்தியானம் இன்னொன்று.

சாயங்காலம் மாடியிலிருந்து விசில் சத்தம் கேட்டது. நீளமாக அல்ல. துண்டு துண்டாக, காற்று போதாமல். லீவு சாரும் அவர் மனைவியும் ஓடினார்கள். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. எத்தனையோ பிள்ளைகளை முங்காமல் காப்பாற்றியவள், உலர்ந்த அறையில், கட்டிலின் மேல், முங்கிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸில் லீவு சார் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டே போனார். எந்த விதியும் ஞாபகத்துக்கு வரவில்லை. "ஆண்டவனே" என்ற ஒரே சொல்தான் வந்தது. அதற்கு மேல் ஒரு வேண்டுதல்கூட அவரால் கோக்க முடியவில்லை.

அவசரமாக மெஷினில் போட்டார்கள். மணிக்கணக்கில் தண்ணீரை எடுத்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, டயாலிசிஸ் பிரிவின் நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றாள். அவள் குரலும் அக்காவின் குரலுக்கு இளைத்ததில்லை.

"எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?"

"என் மிச்சத்தைத்தான் குடிச்சேன்."

"என்ன மிச்சம்?"

"தினமும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து வச்சது."

நர்ஸ் தலையில் கை வைத்தாள். "சேர்த்து வைக்கிறதுக்கு இது என்ன உண்டியலா? நீங்க வெள்ளிக்கிழமை வரைக்கும் குடிச்சதை மெஷின் அன்னைக்கே எடுத்தாச்சு... குடிக்காததையும் சேர்த்தா எடுக்கும்? அதோட பழைய கணக்கு முடிஞ்சுது. இன்னைக்குக் குடிச்சது பூரா புதுத் தண்ணி. அதுலயும் மெஷின் இல்லாத ரெண்டு நாள், சனி, ஞாயிறு, இதுலதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். போன வாரம் மூச்சை அடக்கி வச்சேன்னு இந்த வாரம் ரெட்டிப்பா இழுக்க முடியுமா? யாரு உங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் குடுத்தது?"

லீவு சார் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தார்.

"யாரும் இல்லம்மா, நானேதான்" என்றாள் அக்கா. "வயசானா புத்தி அப்படித்தான் போகும்."

நர்ஸ் போன பிறகு லீவு சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நேத்து நான் சொன்னது பொய். குறையல. ஒன்றரைக் கிலோ கூடியிருக்கு."

அக்கா கண்ணைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அது எனக்குத் தெரியும்டா. நீ மாடி ஏறி வரும்போது மூணாவது படி கத்தும். முன்ன அழும், இப்ப ஒப்பாரியே வைக்குது."

"பின்ன எதுக்கு விசில் ஊதினே?"

"சொல்லிட்டியேன்னு ஊதினேன். அப்படியாவது ரோஷம் வந்து செய்வேன்னு." மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னாள். "டேய், நீ ஊருக்கெல்லாம் லீவு கண்டுபிடிச்சுக் குடுக்கிறவன். நல்லவன். ஆனா உடம்புங்கற ஆபீஸ்ல லீவு செக்‌ஷனே கிடையாதுடா. ஆண்டவன் அந்த மேஜையைப் போடவே இல்ல. இன்னைக்குத் தண்ணி இன்னைக்குத்தான். இன்னைக்குச் சோறு இன்னைக்குத்தான்."

லீவு சார் தலையைக் குனிந்துகொண்டார். அழுதாரா என்று அக்கா பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற மரியாதைகளில் அதுவும் ஒன்று.

அடுத்த வாரம் உணவு ஆலோசகரின் அறைக்கு அவர் தானாகவே போனார். பழங்கள் பழையபடி சிரித்துக்கொண்டிருந்தன. இந்தத் தடவை அவற்றுக்குச் சிரிக்கக் காரணம் இருந்தது.

"எவ்வளவு சாப்பிடணும்மா?"

"அதே ஆயிரத்து ஐந்நூத்தம்பதுதான் சார்."

"மிச்சம் ஆனா?"

"மிச்சம் ஆனா சந்தோஷப்படுங்க. நாளைக்கு அதைத் திங்காதீங்க."

"யாராவது அன்பா குடுத்தா?"

"அன்பை வாங்கிக்கோங்க சார். கேக்கைத் திங்காதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாதது. லீவு சார் அதைப் பேருந்தில் வீடு வரும் வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அதில் ஜன்னல் எதுவும் இல்லை. ஆனால் கதவு இருந்தது.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு மாடியில். மனைவி ஒரே தட்டத்தில் இரண்டையும் எடுத்து வருவாள். அக்காவின் அளந்த தண்ணீர், தம்பியின் அளந்த சோறு. கரண்டியை வைத்துவிட்டுத் தராசைக் கையில் எடுத்த முதல் வாரம் அவளுக்குத்தான் மிகவும் சிரமமாக இருந்தது. "பாவமா இருக்கு அண்ணி, இவ்வளவுதானான்னு தட்டு என்னைப் பார்த்துக் கேக்குது" என்பாள். "உன் புருஷனைப் பார்த்துக் கேக்கச் சொல்லு. பார்க்க நிறைய இடம் இருக்கு" என்பாள் அக்கா.

முதல் சில நாள் லீவு சார் அக்கா முன்னால் தண்ணீரே குடிக்கவில்லை. அவள் கவனித்துவிட்டாள். "குடிடா. நீ தாகத்தோட உக்காந்தா என் தாகம் அடங்கிடுமா? உனக்குத் தண்ணிக்குக் கலோரியும் இல்ல, கணக்கும் இல்ல. எனக்கும் சேர்த்து ஒரு தம்ளர் குடி, நான் பார்த்துக்கறேன்." அவர் குடித்தார். அவள் ஒவ்வொரு மடக்கையும் கண்ணால் கூடவே விழுங்கினாள். ஞாயிற்றுக்கிழமையும் குடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமையும் அளந்தார்கள்.

காலையில் வீட்டைச் சுற்றி நடை. அக்கா ஜன்னலில் உட்கார்ந்து விசில் ஊதுவாள். நின்றால் ஒரு விசில், மெதுவாகப் போனால் இரண்டு. ஒரு மாதத்துக்குள் அந்தத் தெருவில் எல்லா வீட்டு ஆண்களும் நேராக நடக்கப் பழகிவிட்டார்கள், யாருக்காக ஊதுகிறாள் என்ற சந்தேகத்தில்.

அலுவலகத்தில் கேக்கும் சாக்லேட்டும் நிற்கவில்லை. சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. ஒருவருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று மனிதர்கள் முடிவு செய்துவிட்டால் அவரைக் கேட்டா செய்வார்கள்? எனவே வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரி வழியாகப் போகும்போது வாசல் காவலாளியிடமும், மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகளிடமும் கொடுத்துவிட்டுப் போனார். காவலாளி ஒரு சுற்றுப் பெருத்தான். அதற்கு லீவு சார் பொறுப்பல்ல.

எடை ஒரேயடியாக இறங்கவில்லை. ஒரு வாரம் இறங்கும், ஒரு வாரம் முரண்டு பிடித்து நிற்கும், எதுவும் தின்னாமலே ஒரு வாரம் கால் கிலோ ஏறிப் பழிக்கும். கணக்குப்படி வராததைக் கண்டு சண்டை போடாமல் இருக்க அவர் கற்றுக்கொண்டதே பெரிய இளைப்பு. அக்காவின் கை நரம்பு இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. இரண்டு தடவையும் சரிசெய்தார்கள். மூன்றாவது தடவை முடியாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில், லீவு சாரை எடை பார்க்க வரச்சொன்னார்கள்.

அன்று அவர் அலுவலகத்திலிருந்து நேரே வந்தார். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. காலையிலிருந்து மூன்றாவது மாடிக்கு ஆட்கள் வந்த வண்ணம் இருந்தார்கள். டிரைவர், லிஃப்ட்காரர், மேலதிகாரிகூட. தபால் பிரிவு அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "சாதாரணத் தபால்லயே போயிடலாம் சார் இப்ப" என்று வழியனுப்பினாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினார். எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன.

எண்பத்து நான்கு புள்ளி ஒன்பது.

உணவு ஆலோசகரும் அவரும் ஒரே நேரத்தில் அந்த எண்ணைப் பார்த்தார்கள். நானூறு கிராம். பழைய லீவு சாராக இருந்திருந்தால், மெஷின் பழசு, தரை சமமில்லை, எண்பத்து நாலரை என்பது கிட்டத்தட்ட எண்பத்தைந்துதானே என்று பத்து ஜன்னலைத் திறந்திருப்பார். இப்போது திறக்கவில்லை. இறங்கப் போனார்.

"அடுத்த வாரம் வரேம்மா. அதுக்குள்ள எப்படியாவது..." அடுத்த வாரம் வரைக்கும் அக்காவின் கை தாங்குமா என்பது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

"இறங்காதீங்க சார்" என்றாள் அந்தப் பெண். சற்று நேரம் அவரையே உற்றுப் பார்த்தாள். "பையில என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பையில இருக்கிறதை எடுத்து வச்சுட்டுத்தான் ஏறணும். அது எங்க ஆஸ்பத்திரி விதி. நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

லீவு சார் சட்டைப் பையில் கை விட்டார். ஒரு பிடி சாக்லேட் வந்தது. டிரைவர் கொடுத்தது. இன்னொரு பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், லிஃப்ட்காரருடையது. பேன்ட் பையில் காகிதத்தில் சுற்றிய கேக், மேலதிகாரி வீட்டில் செய்தது, உட்கார்ந்து உட்கார்ந்து தட்டையாகிப் போனது. இன்னொரு பக்கம் ஒரு பெரிய ஆப்பிள். அது தபால் பிரிவு அம்மாவுடையது. பிறகு மிட்டாய், மிட்டாய், மேலும் மிட்டாய். மேஜை நிறைந்தது. இத்தனை வருஷம் அவர் திறந்துவிட்ட ஜன்னல்கள் எல்லாம் வரிசையாக வந்து அந்த மேஜைமேல் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

மறுபடி ஏறினார். எண்கள் ஓடின.

எண்பத்து நான்கு புள்ளி நான்கு.

அந்தப் பெண் அதை எழுதிவிட்டு, "உங்க மேல அன்பு மட்டும் அரைக் கிலோ இருக்கு சார்" என்றாள்.

டயாலிசிஸ் பிரிவில் அக்கா மெஷினோடு படுத்திருந்தாள். தம்பி வாசலில் தலை காட்டியதுமே, அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "எவ்வளவுடா?" என்றாள்.

"எண்பத்து நாலு புள்ளி நாலு."

"பொய் சொல்றியா?"

"இல்ல அக்கா."

அக்கா ஊசி குத்தாத கையால் கழுத்தைத் தடவி விசிலைத் தேடினாள். நர்ஸ் ஓடி வந்தாள். "அம்மா, இது வார்டு! இங்க ஊதக் கூடாது!"

அக்கா தம்பியைப் பார்த்தாள். "என்னடா, ஏதாவது விதி இருக்கா?"

லீவு சார் நர்ஸைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார்.

"இல்ல அக்கா. கூடாதுன்னா கூடாதுதான்."

நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போய், வார்டின் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒரே ஒரு தடவை" என்றாள். "சின்னதா."

அக்காவுக்குச் சின்னதாக ஊதத் தெரியாது.